வெயில் தேசத்து ஆப்பிள்: விதை போட்டவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர்

ஆப்பிள் என்றதும் நம் நினைவுக்கு வருவது காஷ்மீரும் சிம்லாவும்தான். "அது குளிர்ப்பிரதேசப் பழம், வெயிலுக்கு வராது" என்று பள்ளிக்கூடப் புவியியல் பாடத்திலேயே முடிவு கட்டிவிடுகிறோம். ஒருநாள் வகுப்பு இடைவேளையில் இந்தப் பேச்சு வந்தபோது நண்பன் ஒருவன் கேட்டான்: "அமெரிக்காவில் ஜார்ஜியா, ஃப்ளோரிடா எல்லாம் வெயில் ஊர்தானே? அங்கே மட்டும் ஆப்பிள் மரம் எப்படிக் காய்க்கிறது?"

பதில் தெரியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எந்த ரகம் எந்த வெயிலைத் தாங்கும் என்று ஒரு அட்டவணை கிடைக்கும், அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அட்டவணையும் கிடைத்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நாடு கடத்தல், பறிபோன நிலங்கள், கைவிடப்பட்ட தோட்டங்கள் என்று பெரிய வரலாறே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் அறிவியல்

இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

ஒன்று, ஆப்பிள் விதையின் குணம். விதை ஒன்று போட்டால் செடி ஒன்று முளைக்குமா என்று நம் ஊரில் கேட்பார்கள். ஆப்பிளைப் பொறுத்தவரை, கிட்டத்தட்ட முளைக்கும்! ஒரு ஆப்பிள் பூ பொதுவாகத் தன் ரகத்து மகரந்தத்தாலேயே காய் பிடிக்காது. வேறு ரக மரத்தின் மகரந்தம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் இரண்டு மரங்களின் கலப்பு. ஒரே பழத்தில் இருக்கும் ஐந்து விதைகளை நட்டால் ஐந்து வெவ்வேறு மரங்கள் வரும். ஒன்று புளிக்கும், ஒன்று கசக்கும், ஒன்று சீக்கிரம் பழுக்கும். ஆயிரத்தில் ஒன்று அருமையாக இருக்கும். அந்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் கிளையை வெட்டி வேறு வேர்ச்செடியில் ஒட்டுக் கட்ட வேண்டும். நம் ஒட்டு மாங்கன்று மாதிரிதான். கடையில் விற்கும் ஒவ்வொரு ரகமும் எங்கோ ஒரு தாய்மரத்தில் தொடங்கி, ஒட்டு மூலம் பரவியது.

இரண்டாவது, குளிர். இலையுதிர்காலத்தில் ஆப்பிள் மரம் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கப்போகும். நடுக்குளிர்காலத்தில் நான்கு நாள் வெயில் அடித்ததும் ஏமாந்து பூத்துவிட்டால், அடுத்த வாரப் பனியில் பூவெல்லாம் கருகிவிடும். இதைத் தவிர்க்க மொட்டுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே உள்ள மணிநேரங்களை மரம் எண்ணிக்கொண்டே இருக்கும். போதிய எண்ணிக்கை சேர்ந்த பிறகுதான் வெயிலுக்கு எழும். இதைக் குளிர் மணிநேரம் என்கிறார்கள். பழக்கமான பல ரகங்களுக்கு 800 முதல் 1,000 மணிநேரம், சிலவற்றுக்கு அதற்கும் மேல் தேவை. கணக்கு நிறையாவிட்டால் மரம் சாகாது. ஆனால் தாமதமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர்க்கும். பூ குறையும், காய் பிடிக்காது.

சரி, இனி கதைக்கு வருவோம்.

வடக்கத்தி மரங்கள் தெற்கே வந்தபோது

உணவு ஆப்பிள் அமெரிக்காவின் சொந்த மரம் அல்ல. அதன் பூர்வீகம் மத்திய ஆசியாவின் தியான் ஷான் மலைக்காடுகள். அங்கிருந்து ஐரோப்பா போய், 17-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்களோடு கடல் தாண்டியது. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒட்டு மரங்கள் வர்ஜீனியாவின் வெயிலிலும் புழுக்கத்திலும் சரியாக வரவில்லை. விதை போட்டு வளர்த்தவற்றில் சில நன்றாக வந்தன. காரணம் எளிது. ஒட்டு மரம் பழைய ஊருக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. விதை மரங்களிலோ ஆயிரம் விதமான குணங்கள். புதிய ஊருக்குப் பொருந்துவது எது என்பதை அந்த ஊர் வெயிலே பிரித்துக் காட்டிவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன். வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்ற தன் பண்ணையில் பழத்தோட்டம் போட்டு, எந்த மரம் வந்தது, எது பட்டுப்போனது என்று குறிப்பெழுதி வைத்தவர். அவருக்கு மிகவும் பிடித்த ரகங்களில் ஒன்று எசோபஸ் ஸ்பிட்சன்பர்க். நியூயார்க் மாநிலத்தில் தோன்றியது, சுவையில் பெயர் பெற்றது. 1807-க்கும் 1812-க்கும் இடையில் 32 மரங்களை நட்டுப் பார்த்தார். ஆனால் அது குளிர்ந்த மாநிலத்து மரம். வர்ஜீனியா வெயில் அதற்கு ஒத்துவரவில்லை. அதே தோட்டத்தில் ஹியூஸ் கிராப் என்ற வர்ஜீனியாவிலேயே தோன்றிய சின்ன ஆப்பிள் செழித்தது. கடித்துத் தின்ன லாயக்கில்லை. சைடர் என்ற ஆப்பிள் மதுவுக்கு அதைவிட நல்லது இல்லை.

அந்தத் தோட்டத்தில் குழி வெட்டியதும் பழம் பறித்ததும் ஜெஃபர்சன் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அவர் அடிமைகளாக வைத்திருந்தார். சைடரைப் பாட்டிலில் அடைக்கும் நுணுக்கமான வேலைக்கு, நம்பகமும் திறமையும் சேர்ந்த ஒரே ஆள் என்று அவர் கடிதத்தில் குறிப்பிட்டது உர்சுலா கிரேஞ்சர் என்ற அடிமைப் பெண்ணை.

வடக்கு ரகம் எல்லாமே தோற்றது என்றும் சொல்ல முடியாது. நியூயார்க்கின் நியூட்டவுன் பிப்பின், வர்ஜீனியாவின் ப்ளூ ரிட்ஜ் மலைச்சரிவுகளில் பிரமாதமாக வந்து, ஆல்பமார்ல் பிப்பின் என்று உள்ளூர்ப் பெயரே பெற்றுவிட்டது. மலை உயரம் கை கொடுத்தது. ஆனால் இன்னும் தெற்கே, ஜார்ஜியா பக்கம் போகப்போக ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது.

வடக்கே அக்டோபரில் பறித்து, நிலவறையில் போட்டு, மார்ச் வரை வைத்துச் சாப்பிடும் ஆப்பிளைக் "குளிர்கால ஆப்பிள்" என்பார்கள். அதே மரத்தை ஜார்ஜியாவில் நட்டால், நீண்ட கோடை வெயிலில் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பழுத்துவிடும். அந்தச் சூட்டில் பறித்த பழம் சில வாரங்களில் அழுகிவிடும். ஃபிரிட்ஜ் இல்லாத காலம் அது. குளிர்காலம் முழுக்கப் பழம் தராத "குளிர்கால ஆப்பிள்" யாருக்கு வேண்டும்? இதனால் "தெற்கே நல்ல ஆப்பிள் வராது, வடக்கிலிருந்து பீப்பாயில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்" என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பலரிடம் இருந்தது.

ஆனால் அதே மலையடிவாரங்களில், அதே வெயிலில், நல்ல ஆப்பிள்கள் ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருந்தன.

செரோக்கியரின் தோட்டங்கள்

இன்றைய வட கரோலினா, ஜார்ஜியா, டென்னசி, அலபாமா மாநிலங்கள் சந்திக்கும் அப்பலாச்சியன் மலைப்பகுதி செரோக்கி மக்களின் தாய்நாடு. செவ்விந்தியர் என்றாலே குதிரையில் போய் எருமை வேட்டையாடுபவர்கள் என்று சினிமா நமக்குக் காட்டியிருக்கிறது. செரோக்கியர் விவசாயிகள். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி பயிரிட்டவர்கள். வயலும் பயிரும் மரபாகப் பெண்கள் பொறுப்பு. ஐரோப்பியர் வந்த பிறகு பீச் பழத்தையும் ஆப்பிளையும் விதையாகப் பெற்று நட்டுக்கொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் பீச், ஆப்பிள் தோட்டங்கள் செரோக்கி ஊர்களில் சாதாரணக் காட்சி.

இங்கே கவனிக்க வேண்டியது, இவை பெரும்பாலும் விதையிலிருந்து வந்த மரங்கள். தலைமுறை தலைமுறையாக விதை போட்டு, வெயிலைத் தாங்கியதை, நன்றாகக் காய்த்ததை, பழம் நாள்பட நின்றதை வைத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டார்கள். இன்று ஆராய்ச்சி நிலையங்கள் செய்யும் ரகத் தேர்வும் அடிப்படையில் இதுதான்.

அந்த நிலம்தான் வெள்ளையருக்குத் தேவைப்பட்டது. 1819 ஒப்பந்தத்திலேயே ஒரு பெரும்பகுதி பறிபோனது. பிறகு ஜார்ஜியா மலைகளில் தங்கம் கிடைத்தது. 1830-ல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டம் வந்தது. 1832-ல் ஜார்ஜியா மாநிலம் செரோக்கி நிலத்தைக் குலுக்கல் சீட்டுப் போட்டு வெள்ளையருக்குப் பிரித்துக் கொடுத்தது. சீட்டு விழுந்தவர் வந்து நின்றால், வீடும் வயலும் தோட்டமும் அவருக்கு! செரோக்கியரின் தலைவர் ஜான் ராஸே 1835-ல் ஊர் திரும்பியபோது தன் வீட்டில் வேறு குடும்பம் குடியிருப்பதைப் பார்த்தார்.

1835 டிசம்பரில் ஒரு சிறு கும்பலிடம் மட்டும் கையெழுத்து வாங்கி நியூ எகோட்டா ஒப்பந்தம் செய்யப்பட்டது. பெரும்பான்மை செரோக்கியர் எதிர்த்தும் அமெரிக்க செனட் அவையில் தேவையான பலத்தைவிட ஒரே ஒரு ஓட்டு அதிகம் பெற்று அது நிறைவேறியது. அதன்படி அரசு மதிப்பீட்டாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். எத்தனை அறை, எத்தனை சோளக்களஞ்சியம், எத்தனை ஏக்கர் வயல் என்று எழுதினார்கள். எத்தனை ஆப்பிள் மரம், எத்தனை பீச் மரம் என்றும் எண்ணி விலை போட்டார்கள். இன்று செரோக்கியர் எவ்வளவு பழமரம் வைத்திருந்தார்கள் என்று நமக்குத் தெரிவதற்கு அவர்களை வெளியேற்ற எழுதிய அந்தப் பட்டியலே முக்கியச் சான்று. எத்தனை மரம் என்பது அதில் இருக்கிறது. எந்த மரத்தின் பழம் எப்படி இருந்தது, அதை யார் நட்டார்கள் என்பது எந்தப் பத்தியிலும் இல்லை.

1838 மே மாதம் இராணுவம் வந்தது. சுமார் 16,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டு, இன்றைய ஓக்லஹோமாவுக்கு நடத்தியும் படகிலும் அனுப்பப்பட்டார்கள். முகாமிலும் வழியிலுமாக ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வரலாற்றில் இதைக் கண்ணீர்ப் பாதை என்கிறார்கள்.

மரங்கள் அங்கேயே நின்றன.

பெயர் வைத்தவர்கள்

கிட்டத்தட்ட அதே நேரத்தில், 1830-களின் இறுதியில், நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹுக் என்ற ஊரிலிருந்து ஜார்விஸ் வான் பியூரன் என்பவர் ஜார்ஜியாவின் கிளார்க்ஸ்வில்லுக்கு வந்து சேர்ந்தார். கண்ணீர்ப் பாதை நடந்தபோது குடியரசுத் தலைவராக இருந்த மார்ட்டின் வான் பியூரனுக்கு இவர் உறவினர் என்பார்கள். அதைப் படித்தபோது வரலாறு இப்படியும் விளையாடுமா என்று தோன்றியது.

வடக்கு மரங்கள் தெற்கே சரிப்படாது என்பதை ஜார்விஸ் சீக்கிரமே புரிந்துகொண்டார். ஆனால் "ஆப்பிளே வராது" என்ற முடிவுக்கு அவர் போகவில்லை. சுற்றுவட்டாரத்தில் பழைய செரோக்கித் தோட்டங்களிலும், குடியேறிகளின் கொல்லைகளிலும் நின்ற விதை மரங்களைத் தேடிப் போனார். நல்லதிலிருந்து கிளை வெட்டி ஒட்டுக் கட்டினார். நாற்றங்கால் வைத்து விற்றார். பழங்களை வண்ண ஓவியமாக வரைந்தார். "சதர்ன் கல்ட்டிவேட்டர்" என்ற வேளாண் இதழில் எழுதினார். தெற்குக்குத் தெற்கத்தி ஆப்பிள்தான் வேண்டும் என்பது அவர் வாதம்.

வட கரோலினாவின் ஃபிராங்க்ளினில் சைலஸ் மெக்டவல் என்ற இன்னொருவர் இதே வேலையைச் செய்தார். நிக்கஜாக், கல்லசாகா போன்ற ரகங்கள் அந்த வட்டாரத்திலிருந்து பரவியவை. மலைச்சரிவின் நடுவே, பள்ளத்தாக்கில் பனி உறைந்து பூவைக் கருக்கும் நாளிலும் பாதிக்கப்படாத ஒரு இடைப்பட்டை இருப்பதை இவர் கவனித்து எழுதினார். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்துக்கு இறங்கிவிடும். ஆகவே சரிவின் நடுப்பகுதி சற்று வெதுவெதுப்பாக இருக்கும். ரகம் தேர்ந்தெடுப்பதோடு இடமும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இவர்கள் பரப்பிய பட்டியல்களில் சில பெயர்கள் செரோக்கி மொழி வாடை கொண்டவை. அவற்றில் ஒன்று ஜூனலஸ்கா. ஜூனலஸ்கா ஒரு செரோக்கித் தலைவர். 1814-ல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் ஆண்ட்ரூ ஜாக்சன் பக்கம் நின்று சண்டையிட்டவர். பின்னர் அதே ஜாக்சனின் சட்டத்தால் மேற்கே விரட்டப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து நடந்தே ஊர் திரும்பியவர். 1847-ல் வட கரோலினா அரசு அவருக்குக் குடியுரிமையும் 337 ஏக்கர் நிலமும் கொடுத்தது. நிலத்தை அரசு வாங்க வந்தபோது, தனக்குப் பிரியமான ஒரு ஆப்பிள் மரத்துக்காக அவர் விற்க மறுத்தார், அந்த ஒரு மரத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்த பிறகே சம்மதித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு உண்மையோ, அந்த மரத்தின் வழி வந்ததாகச் சொல்லப்படும் ரகத்துக்கு அவர் பெயர் நிலைத்தது. இது அரிதான விதிவிலக்கு. மற்ற மரங்களை நட்ட செரோக்கிப் பெண்கள், ஆண்கள் யாருடைய பெயரும் பட்டியலில் இல்லை.

வான் பியூரனையும் மெக்டவலையும் திருடர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்கள் ஒட்டுக் கட்டியிருக்காவிட்டால் அந்த மரங்கள் முதிர்ந்து பட்டுப்போயிருக்கும், ரகங்களும் அழிந்திருக்கும். ஆனால் "இவர் கண்டுபிடித்த ரகம்" என்று எழுதும்போது, அந்த மரத்தை வெயிலில் சோதித்துத் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்வியையும் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

தெற்கத்தி ஆப்பிள் எப்படி இருக்கும்?

இப்படித் தேர்ந்து வந்தவை, செரோக்கித் தோட்டத்தவையும் குடியேறிகளின் கொல்லையில் முளைத்தவையும், எல்லாமே அழகான பழங்கள் அல்ல. ஜார்ஜியாவில் தோன்றிய ஷாக்லி, யேட்ஸ் இரண்டும் சின்னப் பழங்கள். ஆனால் பறித்து வைத்தால் குளிர்காலம் முழுக்க நிற்கும். ஹார்ஸ் ஆப்பிள் கோடையில் பழுக்கும், புளிக்கும், உலர்த்தவும் வினிகருக்கும் ஏற்றது. லிம்பர்ட்விக் வகைகள் குளிர்காலத்தில் வைத்திருந்து உண்பதற்கு.

அன்றைய தெற்கத்தி விவசாயி ஒரே ரகத்தில் நூறு மரம் நடமாட்டார். ஜூனில் பழுக்க ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, பொங்கல் சமயம் வரை நிற்க ஒன்று என்று பிரித்து நடுவார். உலர்த்த, சைடர் போட, வினிகர் எடுக்க, பன்றிக்குப் போட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மரம். நம் ஊரில் ஊறுகாய்க்கு ஒரு மாங்காய், கடித்துத் தின்ன ஒன்று, சாறுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோமே, அதுபோலத்தான்.

பிறகு இரயிலும் குளிர்சாதனப் பெட்டிகளும் வந்தன. வாஷிங்டன் மாநிலத்திலிருந்து பளபளவென்று ரெட் டெலிஷியஸ் வந்து இறங்கியது. மக்கள் பண்ணையை விட்டு நகரத்துக்குப் போனார்கள். கொல்லை மரங்களைக் கவனிக்க ஆளில்லை. ரகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

கிரைட்டன் லீ கால்ஹவுன் என்ற ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி வட கரோலினாவில் இவற்றைத் தேடிச் சேகரித்து 1995-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். 2010-ல் வந்த திருத்திய பதிப்பில், தெற்கில் தோன்றியவை, 1928-க்கு முன் அங்கே பரவலாக வளர்க்கப்பட்டவை என்று சுமார் 1,800 ரகங்களை விவரிக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. தாம் பிரௌன் என்ற ஓய்வுபெற்ற வேதிப் பொறியாளர் 1990-களின் இறுதியில் தேட ஆரம்பித்து, கிராமத்துப் பெரியவர்களிடம் விசாரித்து விசாரித்து 1,000-க்கும் மேற்பட்ட பழைய ரகங்களை மீட்டிருக்கிறார். ஜூனலஸ்கா ஆப்பிள் அப்படி 2001-ல் மீண்டும் கிடைத்தது. மீட்டவை பல, ஹார்ன் கிரீக் என்ற வரலாற்றுப் பண்ணையில் சுமார் 400 ரகங்களாக வளர்க்கப்படுகின்றன.

இன்னும் தெற்கே போனால்?

மேலே சொன்னதெல்லாம் குளிர்காலத்தில் ஓரளவு நல்ல குளிர் உள்ள மலையடிவாரம். ஃப்ளோரிடாவுக்குப் போனால் சிக்கலே வேறு. அங்கே குளிர் மணிநேரம் சில நூறு தேறினாலே அதிகம். ஷாக்லியும் யேட்ஸும் அங்கே தூக்கத்திலிருந்து சரியாக எழாது.

மரத்துக்குக் குளிர் ஒரு தேவை என்பதையே அறிவியல் தெளிவாகச் சொன்னது 1920-ல்தான். அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில், புளூபெர்ரிச் செடிகளைக் கதகதப்பான கண்ணாடி அறையிலேயே வைத்தால் வசந்தம் வந்தும் துளிர்க்காது என்று காட்டினார். ஒரு கிளையை மட்டும் வெளியே குளிரில் நீட்டி வைத்தால், அந்தக் கிளை மட்டும் துளிர்த்தது! 1950-ல் ஜார்ஜியாவில் பீச் ரகங்களுக்கு எத்தனை மணிநேரக் குளிர் தேவை என்று வெயின்பெர்கர் என்பவர் கணக்கிட்டார். 1974-ல் யூட்டா கணக்கு முறை வந்தது. 1980-களில் இஸ்ரேலில், குளிருக்கு நடுவே வரும் வெயில் நாள்கள் கணக்கைக் கலைப்பதையும் சேர்த்து இன்னும் நுட்பமான முறையை உருவாக்கினார்கள்.

இஸ்ரேலுக்கு இந்த அக்கறை வந்ததில் வியப்பில்லை. அங்கே ஐன் ஷெமர் என்ற கூட்டுப்பண்ணையில் அப்பா ஸ்டெய்ன் என்பவர் ரெட் ஹடாசியா, கோல்டன் டெலிஷியஸ் இரண்டையும் கலந்து, ஏராளமான நாற்றுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தார். அதுதான் அன்னா. 300 மணிநேரக் குளிரோ அதற்கும் குறைவோ போதும். ஏறக்குறைய அதே காலத்தில், 1950-களில், கரீபியன் பக்கத்து பஹாமாஸ் தீவில் ஐரீன் டார்செட் என்ற பெண்மணி தன் வீட்டில் ஆப்பிள் விதை போட்டார். குளிரே இல்லாத தீவில் அதில் ஒரு மரம் காய்த்தது. அதுவும் கோல்டன் டெலிஷியஸின் பிள்ளை என்று கருதப்படுகிறது. பெயர் டார்செட் கோல்டன். இன்று ஃப்ளோரிடாவில் ஆப்பிள் நட விரும்புபவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பவற்றில் இந்த இரண்டும் முக்கியமானவை. இரண்டும் ஒரே சமயத்தில் பூப்பதால் ஒன்றுக்கொன்று மகரந்தத் துணையும் ஆகின்றன.

கோல்டன் டெலிஷியஸோ மேற்கு வர்ஜீனியா மலைப் பண்ணை ஒன்றில் தானாக முளைத்த மரம். நல்ல குளிர் கேட்கும் ரகம். அதன் பிள்ளைகள் இரண்டு வெயிலில் காய்க்கின்றன. விதை போட்டுப் பார்க்காமல் இதை யாராவது சொல்லியிருக்க முடியுமா?

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

படித்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான். முதலில் உங்கள் ஊரின் குளிர் மணிநேரத்தைக் கணக்கிட வேண்டும். அதற்குப் பொருந்தும் ரகத்தைத் தேட வேண்டும். "குளிர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது" என்று நினைப்பதும் தவறு. வட ஜார்ஜியாவில் அன்னாவை நட்டால், ஜனவரி வெயிலுக்கே எழுந்து பூத்து, பிப்ரவரிப் பனியில் கருகிவிடும். கூடவே ஒரே சமயத்தில் பூக்கும் இன்னொரு ரகம் வேண்டும். பழுக்கும் மாதம், அழுகல் நோயைத் தாங்கும் சக்தி, எதற்காக வளர்க்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

பொருத்தம் என்றைக்கும் நிலையாக இருப்பதும் இல்லை. 2017-ல் ஜார்ஜியாவில் குளிர்காலம் சூடாகப் போய், பிறகு மார்ச்சில் உறைபனியும் விழுந்து, பீச் விளைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. நேற்றைக்குப் பொருந்திய ரகம் நாளைக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால்தான் அந்தப் பழைய ரகங்களின் சேமிப்பு வெறும் பழம்பெருமை அல்ல.

கடைசியாக நம் நாட்டுக்கு வருகிறேன். இமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், சுமார் 1,800 அடி உயரத்தில் பனியாலா என்று ஒரு கிராமம். அங்கே ஆப்பிள் வராது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 1998-ல் ஹரிமன் சர்மா என்ற விவசாயி, வீட்டுக்கு வாங்கிய ஆப்பிளின் விதைகளைக் கொல்லையில் எறிந்தார். அதில் ஒன்று முளைத்தது. பார்த்து வளர்த்து, பிளம் மரத்தில் ஒட்டுக் கட்டினார். வெயிலில் காய்த்தது. இன்று எச்.ஆர்.எம்.என்-99 என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதித்து வளர்க்கிறார்கள். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்த நான்கு எழுத்தும் ஹரிமன் என்ற பெயரின் எழுத்துகள்தான். செரோக்கித் தோட்டங்களைப் பற்றிப் படித்துவிட்டு இதைப் படித்தபோது, அந்தப் பெயர் அங்கே இருப்பது எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

பின்குறிப்பு: நானும் ஐந்து ஆப்பிள் விதைகளை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். முளைப்பதற்கு விதைக்கே இரண்டு மூன்று மாதக் குளிர் வேண்டுமாம். "இது என்னடா கண்றாவி?" என்று அம்மா இரண்டு முறை தூக்கிப் போடப் பார்த்தார். சென்னை வெயிலில் காய்க்காது என்பது தெரியும். இருந்தாலும் போட்டுப் பார்ப்போமே!